விலக்கு பெற்றவர்களும் விலக்கப்பட்டவர்களும்

'விலக்கு' என்கிற சொல் தமிழில் ஆளுக்குத் தகுந்த மாதிரி பொருள் தரும். வரிவிலக்கு என்றால் சலுகை. ஊர்விலக்கு என்றால் தண்டனை. வீட்டுவிலக்கு என்றால் பெண்ணைத் திண்ணையில் உட்கார வைத்து எட்ட நின்று சோறு போடுவது. மேலே இருப்பவனுக்கு விலக்கு கொடுத்தால் அவனுக்குச் சட்டம் கிடையாது. கீழே இருப்பவனை விலக்கி வைத்தால் அவனுக்கு ஊர் கிடையாது. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவுக்காக அரசாங்கங்கள் உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டன. 'பின்வருவோருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது' என்று அவற்றில் தவறாமல் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை ஒரு காலனியில் உட்கார்ந்து படித்தால் எப்படித் தெரியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோய் அடங்கிவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். அடுத்த நோய் வந்தால் இதே பட்டியலைத்தான் தூசி தட்டி எடுப்பார்கள். அதற்காகத்தான்.

நான் முசரவாக்கம் காலனிக்காரன். காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்களும் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்களும் எங்கள் ஊர்ப்பக்கம் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. எட்டு வயதில் முன்பணத்துக்காக என்னைத் தறியில் விட்டார்கள். நெய்கிறவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுகிற பையன். பள்ளிக்கூடம் அப்புறம் வந்தது. மிச்சப் படிப்பு இயக்கத்தில் படித்தது. இப்போதும் கூலிக்கு நெய்கிறவன்தான்.

எல்லை என்பது என்ன என்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் என் தாத்தா. ஊரில் யார் செத்தாலும் இழவு சொல்லப் போகிறவர் அவர். வெயிலோ மழையோ, பத்து மைல் தூரத்தில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்கும் நடந்தே போய், வாசலுக்கு வெளியே நின்று, "இன்னார் தவறிப் போயிட்டாருங்க சாமி" என்று சொல்ல வேண்டும். அதற்குக் கூலி படி நெல். அந்த வேலைக்காக அவர் எந்த ஊர் எல்லையையும் தாண்டலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அதே ஊர்களில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கையேந்திக் குடிக்க வேண்டும். வேலைக்காக எல்லை திறந்திருந்தது. ஆளுக்காகத் திறக்கவில்லை.

வாந்திபேதிக் காலத்தில் எல்லை கட்டுவார்கள். நோய் உள்ளே வராமல் இருக்க பலி கொடுத்து, ரத்தம் பிசைந்த சோற்றை ராத்திரியில் ஊர் எல்லையைச் சுற்றி எறிந்துகொண்டே போக வேண்டும். அந்தக் கூடையைச் சுமந்து ஓடியது நம்மாட்கள்தான். மாரியாத்தா கோபம் சுமக்கிறவன் மேல்தான் முதலில் இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் நம்மிடம் கொடுத்தார்கள். எல்லையைக் கட்டிமுடித்த பிறகு பார்த்தால் ஊர் உள்ளே இருக்கும், சேரி வெளியே இருக்கும். ஊரைக் காப்பாற்றிய எல்லை நம்மைக் காப்பாற்றவில்லை.

இந்தக் கதையெல்லாம் பழசாகிப் போச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் மாவட்ட எல்லைகளை மூடினார்கள். அன்று ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, நள்ளிரவிலிருந்து நாடே அடைப்பு என்றார். நான்கு மணி நேர அவகாசம். அப்புறம் இ-பாஸ் வந்தது. கல்யாணம், சாவு, அவசர வைத்தியம் என்று காரணங்கள் குறிக்கப்பட்டிருந்தன. காகிதத்தில் பார்த்தால் நியாயமான பட்டியல். யாருக்கும் சாதி கேட்கவில்லை.

2020 ஜூலையில் என் அத்தை செத்துப்போனது. அப்பாவுக்கு ஒரே தங்கை. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டது. அத்தை கல்யாணம் ஆகிப் போனபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் பிரித்ததில் திருவண்ணாமலை மாவட்டமானது. எங்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஆற்றைத் தாண்டினால் அத்தை வீடு, அவ்வளவுதான். அந்த ஜூலையில்தான் அது வேறு மாவட்டம் என்று தெரிந்தது.

காலையில் சேதி வந்தது. அண்ணன் மகன் செல்போனில் பாஸுக்கு எழுதினான். ஆதார் அட்டை வேண்டும், இருந்தது. இறந்ததற்குச் சான்று வேண்டும். விடியற்காலையில் காலனி வீட்டில் செத்த கிழவிக்கு ஒன்பது மணிக்குள் யார் சான்று கொடுப்பார்கள்? வண்டி எண் கேட்டது. அந்த மாதம் பேருந்து ஓடவில்லை. வண்டி வைத்திருப்பவன்தான் பயணம் செய்வான் என்று நினைத்து அந்தப் படிவத்தைச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருத்தர் பைக்கின் எண்ணைப் போட்டு அனுப்பினோம். மத்தியானம் பதில் வந்தது: ஆவணம் சரியில்லை, நிராகரிக்கப்பட்டது. அதே வாரத்தில் ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்தால் பாஸ் வாங்கித் தருகிறேன் என்கிற ஆட்களும் இருந்தார்கள். தரகர்கள் கைதானதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. எங்களிடம் அந்தத் துட்டும் இல்லை.

அப்பா கேட்கவில்லை. பாலம் வரைக்கும் போனோம். தடுப்புப் போட்டு நின்ற காவலர் மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, பாஸ் இருந்தா தாராளமா போங்க. எங்க மேல கோவப்பட்டு இன்னா பண்றது?" அப்பா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "ஊரு சாவுக்கெல்லாம் எங்கப்பன் ஆறு தாண்டிப் போயி சேதி சொன்னான். என் கூடப்பொறந்தவ சாவுக்கு நான் போவக்கூடாதா? இன்னாடா நாயம் இது?"

பொம்பளை செத்தால் பொறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அதைப் போடாமல் எடுக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த சரக்கு வண்டி டிரைவர் ஒருத்தர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொண்டுபோகிறவர், அன்றைக்கும் போனார். சரக்கு வண்டிக்குத் தடையில்லை. நூல் போக வேண்டும், நெய்த சேலை திரும்பி வர வேண்டும். அவரிடம் கோடிச் சேலையைக் கொடுத்தனுப்பினோம். நூல் மூட்டைகளோடு மூட்டையாக அது எல்லையைத் தாண்டிப் போனது. மூணு மணிக்கு அத்தையை எடுத்தார்கள். அப்பா போகவில்லை.

ஆகஸ்ட் 17 முதல் ஆதார் எண்ணோ ரேஷன் அட்டை எண்ணோ கொடுத்து விண்ணப்பித்தால் உடனே பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்றார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களில் தமிழ்நாட்டில் எத்தனை கோடிச் சேலை தனியாகப் போனதோ, அதற்குக் கணக்கு எடுத்தவர் யாரும் இல்லை.

இதைச் சொன்னால் தோழர் ஒருத்தர் கேட்கிறார்: "நோய் பரவாமல் தடுக்க எல்லோருக்கும் கஷ்டம்தானே, வைரஸுக்குச் சாதி தெரியுமா?" வைரஸுக்குத் தெரியாது. உத்தரவு எழுதுகிற கைக்குத் தெரியும். கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலும் மூச்சு முட்டிச் செத்திருக்கிறார்கள். அடைப்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் செத்திருப்போம், முதலில் நாங்கள்தான் செத்திருப்போம். என் கேள்வி விலக்கைப் பற்றித்தான். அது யாருக்குக் கிடைத்தது, எதற்காகக் கிடைத்தது?

2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. தில்லியிலிருந்து பெங்களூருவுக்கு வருகிறவர்கள் தனிமைப்படுத்தப்பட வேண்டும் என்பது கர்நாடக அரசின் விதி. முதல் நாளே மத்திய ரசாயனம், உரத்துறை அமைச்சர் சதானந்த கவுடா தில்லியிலிருந்து வந்து இறங்கி நேராகக் காரில் ஏறிப் போனார். கேட்டதற்கு, மருந்துத் துறை தன் பொறுப்பில் இருக்கிறது, தனக்கு விலக்கு உண்டு என்று விளக்கம் சொன்னார். விலக்கு இருந்தது உண்மைதான், மாநில அரசே கொடுத்திருந்தது. நாட்டுக்கு மருந்து வர வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிருமி பதவி பார்த்து ஒதுங்குமா? அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் கடைசியில், உத்தரப் பிரதேசம் பரேலியில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்கார வைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். பெண்கள், குழந்தைகள் மேலேயும் அடித்தார்கள். அதுவும் நோய்த்தடுப்பு நடவடிக்கைதான். ஒரே நோய், ஒரே நாடு. ஒருத்தருக்குக் கார் கதவைத் திறந்தார்கள், இன்னொருத்தர் மேல் பேருந்து கழுவுகிற மருந்தை அடித்தார்கள்.

தனிமை முகாமுக்குள்ளே போனாலும் சாதி கூடவே போனது. 2020 ஏப்ரலில் குஷிநகர் மாவட்டத்தில் ஒரு முகாமில், தலித் பெண் ஊராட்சித் தலைவர் சமைத்த சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்று ஒருத்தர் மறுத்து, வழக்குப் பதிவானது. நோய்த்தொற்றுக்குப் பயந்து தனியே வைக்கப்பட்டவனுக்குத் தீட்டு பயம் அதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

இது மேலே இருப்பவர்களுடைய கதை. நமக்கும் விலக்கு கிடைக்காமல் இல்லை. அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள்.

தூய்மைப் பணியாளர்களுக்கு விலக்கு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது நோயாளி வீட்டுக் குப்பையை அள்ள அவர்கள் தெருவில் இருந்தார்கள். மாலை போட்டார்கள், காலைக் கழுவினார்கள், படம் எடுத்துப் போட்டார்கள். கையுறை கேட்டபோது இல்லை என்றார்கள். மயானத்தில் எரிக்கிறவர்களுக்கு விலக்கு. தொழிற்சாலைக்காரர்களுக்கு விலக்கு. 2021 மேயில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது தமிழ்நாடு முழு அடைப்பில் இருந்தது. எங்கள் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளுக்கு மட்டும் தொடர்ந்து இயங்க அனுமதி இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் பலர் அந்தப் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகள். அடுத்த தெருவுக்குக் காய் வாங்கப் போனால் லத்தி. ஆலை பேருந்தில் ஏறினால் சல்யூட். என் அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, பஸ்ல கீற அம்பது பேருக்கு நோவு வராதா?" வந்தது. அவனுக்கும் வந்தது, வீட்டில் நாலு பேருக்கும் வந்தது.

அந்த விலக்கு எங்களுக்கு வேண்டாம் என்று தொழிலாளர்களே சொன்னார்கள். ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. மே 24 அன்று ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் இரண்டு ஆலைகளும் சில நாட்கள் மூடப்பட்டன. தனிமைப்படுத்து என்று அரசாங்கம் சொன்னது. எங்களையும் தனிமைப்படுத்து என்று தொழிலாளி போராட வேண்டியிருந்தது. அமைச்சருக்கு விலக்கு என்றால் நோய்த்தடுப்புச் சிரமத்திலிருந்து விலக்கு. கூலிக்காரனுக்கு விலக்கு என்றால் நோயிலிருந்து கிடைக்க வேண்டிய பாதுகாப்பிலிருந்து விலக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதினார்கள்.

கடல் தாண்டிப் போனாலும் இதுதான். என் மச்சான் ஒருத்தன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனவன். அங்கே தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள் உட்பட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் தங்கும் விடுதிகளில், அறைக்குப் பத்து, பன்னிரண்டு பேர் என்று இருந்தார்கள். 2020 ஏப்ரலில் விடுதிகளை மூடினார்கள். 2020 டிசம்பரில் அந்த அரசாங்கமே சொன்ன கணக்குப்படி விடுதித் தொழிலாளிகளில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றியிருந்தது. வைத்தியம் பார்த்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், செத்தவர்கள் மிகவும் குறைவு. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2020 ஜூனில் மற்ற மக்களுக்குக் கடைத்தெரு திறந்தது. இவர்களுக்குத் திறக்கவில்லை. விடுதியிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து விடுதிக்கு. 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை சில மணி நேரம் லிட்டில் இந்தியா போய் வரலாம் என்று ஒரு சோதனைத் திட்டம் போட்டார்கள். மச்சான் போனில் சொன்னான்: "கட்டடம் கட்டப் போலாம் மாமா, கோயிலுக்குப் போவக்கூடாதாம்." என் தாத்தா நடந்த பாதையில்தான் இவனும் நடந்திருக்கிறான். வேலைக்கு எல்லை திறக்கும், ஆளுக்கு மூடும்.

இந்த முறை நமக்குப் புதிதும் இல்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897இல் வெள்ளைக்காரன் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டான். 2020இல் கொரோனா வந்தபோதும் மாநில அரசாங்கங்கள் அந்தச் சட்டத்தை எடுத்தன. பிளேக் பயத்தில் இலங்கை அரசாங்கம் தன் கரையில் சோதிக்காமல் நம் கரையிலேயே முகாம் வைத்தது. முதலில் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை, பிறகு மண்டபம். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளை அங்கே நாள் கணக்கில் அடைத்து வைத்து, குளிக்க வைத்து, துணியை அவித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். அந்தக் கூலிகளில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். மேல் வகுப்புப் பயணிகளுக்கு அந்த அடைப்பு கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டால் கப்பல் ஏறலாம். பயணச்சீட்டின் விலை பார்த்து நோய் வருமா? ஆனால் அதே மண்டபத்தின் கதை அதோடு முடியவில்லை. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் அங்கேதான். அவர்களுக்குப் பின்னால் ஈழத்து அகதிகள் வந்து தங்கியதும் அங்கேதான். தடுத்து வைக்கப்படுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள் என்று ஆட்சியாளர்கள் முடிவு செய்துவிட்டால் முகாம் காலியாகாது.

அந்த 1897ஆம் வருடத்திலேயே இதற்கு மாற்றும் இருந்தது. பம்பாயில் சாதிக்கொன்று, மதத்துக்கொன்று என்று பிளேக் மருத்துவமனைகள் தனித்தனியாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். புனேயில் சாவித்திரிபாய் பூலே, பிளேக் கண்ட ஒரு மகார் சிறுவனைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். அந்த நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்துபோனார். அவர் தனக்கென்று எந்த விலக்கும் கேட்கவில்லை.

நாடுகளுக்குள்ளேயும் மேலே கீழே உண்டு. 2021 செப்டம்பரில் பிரிட்டன் ஒரு விதி போட்டது. இந்தியாவில் கோவிஷீல்டு போட்டவர்கள் ஊசி போடாதவர்களாகக் கருதப்படுவார்கள், 10 நாள் தனித்திருக்க வேண்டும் என்றது. புனேயில் செய்த அதே மருந்தைப் பிரிட்டன்காரர்களும் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடம்பில் ஏறியது ஒரே மருந்து, சான்றிதழ் மட்டும் தீட்டு. இங்கே பத்திரிகைகள் கொதித்தன. இந்தியாவும் பதிலுக்கு அவர்களுக்கு 10 நாள் என்றது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இறங்கி வந்தது. அடுத்த மாதமே ஒமிக்ரான் கிருமியைக் கண்டுபிடித்து நேர்மையாக உலகத்துக்குச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்குப் பரிசாக விமானங்களை நிறுத்தினார்கள். இதைப் பயண நிறவெறி என்று ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் கண்டித்தார். இதெல்லாம் அநீதிதான். நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். ஆனால் லண்டன் விமான நிலையத்தில் சந்தேகமாகப் பார்க்கப்பட்டதற்குக் கொதித்த நம் ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சுத்தமாக இருந்தும் அசுத்தம் என்று ஒதுக்கப்படுகிற அந்த வலி உங்களுக்கு மூன்று வாரம். சேரிக்கு எத்தனை ஆயிரம் வருடம்?

அப்படியென்றால் எது நியாயமான கட்டுப்பாடு? எனக்குத் தெரிந்த அளவில் மூன்று சொல்கிறேன். ஒன்று, விலக்கு பதவிக்குக் கொடுக்கக்கூடாது, தேவைக்குக் கொடுக்க வேண்டும். 2020 மேயில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மத்திய அரசு போட்ட விதியில் கர்ப்பிணிக்கும், வீட்டில் சாவு விழுந்தவருக்கும், பத்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு வந்தவருக்கும் முகாமுக்குப் பதிலாக வீட்டிலேயே தனித்திருக்க வழி இருந்தது. அது சரியான விலக்கு. விமானத்தில் வந்தவன் இழவுக்கு இருந்த அந்த மனசு ஆற்றைத் தாண்டுகிறவன் இழவுக்கும் இருந்திருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. வண்டியும் செல்போனும் சான்றும் இல்லாதவனுக்கு ஊராட்சி எழுத்தரின் ஒரு கையெழுத்து போதும் என்று இருந்திருக்க வேண்டும்.

இரண்டு, வேலைக்காக ஒருவனை எல்லை தாண்ட விட்டால், வாழ்வதற்காகவும் விட வேண்டும். ஆபத்துக்குள் அனுப்புகிற விலக்கு என்றால் அதை மறுக்கிற உரிமை அவனுக்கு வேண்டும். மறுத்தால் கூலி போகக்கூடாது. மூன்று, அடைத்து வைத்தால் சோறு போட வேண்டும், மரியாதை கொடுக்க வேண்டும். அடைக்கப்பட்டவன் குற்றவாளி இல்லை, ஊருக்காகத் தன் கூலியை விட்டுக்கொடுத்தவன்.

2025 மேயில் ஜெனிவாவில் உலக சுகாதார அவை பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. தடுப்பூசியும் மருந்தும் நாடுகளுக்கிடையே சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்கிற பேச்சு அதில் இருக்கிறது. நல்லது. ஒரு நாட்டுக்குள்ளே ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற எல்லையை ஜெனிவாவில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் செத்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. கணக்கு இல்லையென்றால் சாவும் இல்லை, பொறுப்பும் இல்லை.

அதனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் காலனிக்குப் போங்கள். நிராகரிக்கப்பட்ட பாஸ் செய்தி யாருடைய பழைய செல்போனிலாவது இன்னும் இருக்கும், கேளுங்கள். யார் யார் எந்தச் சாவுக்குப் போக முடியவில்லை, எந்த ஆலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். செல்போன் கெட்டுப்போகும், கிழவர்கள் செத்துப்போவார்கள், சீக்கிரம் போங்கள். அடுத்த உத்தரவு வரும்போது பட்டியலோடு அவர்கள் வருவார்கள். நம் கையிலும் ஒரு பட்டியல் இருக்கட்டும்.